வரிசைக்குப் பின்னால் நிற்கிறவன்

போன கிழமை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் பதினேழு கோடைகாலம் வேலை செய்த அருங்காட்சியகத்திலிருந்து. வெள்ளிவிழாவுக்கு மலர் போடுகிறார்களாம். பழைய ஊழியர் என்ற முறையில் இனிமையான நினைவுகளை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டுமாம். கடைசிப் பந்தியில், போகிற போக்கில், இன்னொரு செய்தியும் இருந்தது. இந்தக் கோடையிலிருந்து துவக்குச் சுட்டுக் காட்டும் காட்சியில் பின்வரிசைச் சார்ஜன்ட் இருக்கமாட்டார். அவர் பார்வையாளரின் கண்ணில் படுவதில்லை, படத்திலும் விழுவதில்லை. ஆகவே அவரை முன்னுக்குக் கொண்டுவந்து, கையில் மைக்கைக் கொடுத்து, விளக்கம் சொல்ல வைக்கப்போகிறார்கள்.

அந்த இடத்தில் பதின்மூன்று கோடை நின்றவன் நான். இப்போது நிற்கும் பெண்பிள்ளை தொலைபேசியில் அழைத்து, “அங்கிள், நீங்கள் ஏதாவது சொன்னாத்தான் கேட்பினம்” என்றாள். நான் சொன்னால் கேட்பார்களோ தெரியாது. என்னுடைய காலத்திலும் லேசில் கேட்டவர்கள் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். போட்டால் போடட்டும், விட்டால் விடட்டும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் பெரிய கோட்டை அல்ல இது. ஸ்காபரோவைத் தாண்டி, ரயில் பாதைக்கும் ஏரிக்கும் நடுவே, ஒரு பணக்காரக் குடும்பம் எழுதிக் கொடுத்த காணியில் இருக்கிறது. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயப் பட்டாளம் எப்படிச் சாப்பிட்டது, எப்படிப் படுத்தது, எப்படிச் சண்டை பிடித்தது என்று ஆட்களைக் கொண்டு நடத்திக் காட்டுவார்கள். நான் அங்கே போனது பட்டாளக்காரனாக அல்ல. மிசிசாகாவில் விமான நிலையத் துப்புரவு வேலை போனபிறகு, படைவீட்டுத் தரையைக் கூட்டித் துடைக்கப் போனேன். நாலு வருடம் கூட்டினேன். ஒரு நாள் கப்டன் வேஷம் போடுகிற ஹரல்ட் வந்து, “நீ எப்போதும் சுவரில் முதுகை வைத்து நின்று எல்லோருடைய கையையும் பார்க்கிறாய். அப்படி ஒரு ஆள்தான் எனக்கு வேண்டும்” என்றார். அந்தப் பழக்கம் எனக்கு எங்கே வந்தது என்று அவர் கேட்கவில்லை. மன்னாரிலிருந்து கொழும்பு வரைக்கும் எத்தனை சோதனைச் சாவடி என்று நானும் சொல்லவில்லை.

பட்டாளத்துச் சிவப்புச் சட்டையை முதல்முதல் வீட்டுக்குக் கொண்டுபோன நாள், மனைவி அதை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆமிக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது, உங்களை ஆமிக்காரனாப் பார்க்கவோ?”

“இது வேறை ஆமி.”

“எல்லா ஆமியும் ஒரு ஆமிதான். பித்தளைப் பொத்தானை நீங்களே மினுக்குங்கோ, நான் தொடமாட்டன்.”

சொன்னபடியே அவள் ஒருநாளும் தொடவில்லை. அவளில் பிழை சொல்லவும் என்னால் முடியாது.

பயிற்சி ஆறு கிழமை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கால் வலித்தது, அவ்வளவுதான். ஹரல்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது நிமிடம் முந்தி வருவார். மைதானத்துக்கு வெளியே குரலை உயர்த்தியதில்லை. யாருக்கும் நன்றி சொன்னதுமில்லை. காட்சி நடந்த மறுநாள் காலையில் ஒரு சின்னக் கொப்பியை விரித்து, நேற்று நடந்த பிழைகளை வாசிப்பார். முதலில் தன்னுடைய பிழைகள். “கட்டளையை அரைக் கணம் முந்திக் கொடுத்தேன். வாளைத் தாழ்த்த மறந்தேன்.” அதன் பிறகுதான் எங்களுடையவை. பெரியவர்கள் தங்கள் பிழையை வாய்விட்டு வாசித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதனால் அவர் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வரவில்லை.

பட்டாளம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கப்படுத்தியவரும் அவர்தான். ஒரு மரப்பலகையில் போத்தல் மூடிகளை அடுக்கிக் காட்டினார். பத்துக் கொம்பனி சேர்ந்தது ஒரு பட்டாலியன். கணக்குப்படி ஒரு கொம்பனிக்கு நூறு பேர், உண்மையில் காய்ச்சலும் வயிற்றோட்டமும் போக அறுபதோ எழுபதோ. உயரமான, திடகாத்திரமான ஆட்கள் வலது ஓரக் கொம்பனியில். வேகமாக ஓடித் தனித்தனியே சுடத் தெரிந்தவர்கள் இடது ஓரத்தில். நடுவில் எட்டு. கொடி நட்ட நடுவில். இரண்டு வரிசையாகத் தோளோடு தோள் உரச நிற்க வேண்டும். அந்தத் துவக்குகள் குறி தவறுகிறவை, எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வெடித்தால்தான் பலன்.

இப்போது எல்லோரும் நினைப்பது, தளபதி குதிரையில் முன்னால் பாய்ந்து வாளை வீச, பட்டாளம் அவர் பின்னால் ஓடியது என்று. எங்கள் மேலாளர் டெரிக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். படத்தில் பார்த்திருப்பார். உண்மை என்னவென்றால், இரண்டாவது வேட்டுக்குப் பிறகு எவருக்கும் எதுவும் தெரியாது. புகை. பக்கத்தில் நிற்பவனின் தொப்பிகூடத் தெரியாது. பட்டாலியனை நடத்தும் கேணலின் குரல் பத்து அடி தாண்டாது. அவர் சொன்னதை முரசு சொல்லும், முரசு சொன்னதைக் கப்டன் சொல்லுவார். கப்டன் வரிசையின் வலது நுனியில் நிற்பவர், முன்னால் பார்க்க வேண்டியவர். அப்படியானால் வரிசை வரிசையாக இருப்பதை யார் பார்ப்பது? பின்னால், மூன்று எட்டு வைக்கும் தூரம் தள்ளி நிற்கும் சார்ஜன்ட்.

அவன் கையில் துவக்கு இல்லை. ஒன்பது அடி ஈட்டி. அதைக் குறுக்கே பிடித்து முதுகுகளை நேராக்குவான். ஒருவன் விழுந்தால், அந்த இடைவெளியை மற்றவர்களைக் கொண்டு நெருக்கி மூடுவான். ஓடப் பார்க்கிறவனைத் திருப்பி உள்ளே தள்ளுவதும் அவன்தான். அதை நான் மறைக்கவில்லை. ஒரு பார்வையாளர் ஒருமுறை, “அப்படியென்றால் நீ சொந்த ஆட்களைக் குத்துகிறவன்தானே?” என்று கேட்டார். ஓம், அதுவும்தான் என்றேன். ஓடி வந்தவன் நான், ஓடுகிறவனைத் தடுக்கிற வேஷம் எனக்கு. ஆனால் நான் அந்த இடத்தை விடாமல் நின்றதற்குக் காரணம் அவனுடைய இன்னொரு வேலை.

அந்தத் துவக்கில், கடதாசித் தோட்டாவைப் பல்லால் கடித்து, கொஞ்சம் வெடிமருந்தைப் பக்கத்திலிருக்கும் சின்னக் கிண்ணத்தில் போட்டு, மிச்சத்தைக் குழலுக்குள் கொட்ட வேண்டும். நாங்கள் ஈயக்குண்டு போடுவதில்லை, மருந்து மட்டும். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் உரசி, கிண்ணத்து மருந்து பற்றி, அந்தத் தீ ஒரு துளை வழியே குழலுக்குள் போய் வெடிக்கும். சில வேளை கிண்ணத்தில் மட்டும் பளிச்சென்று எரிந்து உள்ளே போகாது. அக்கம்பக்கம் எல்லாம் வெடிக்கிற சத்தத்தில், தன்னுடையது வெடிக்கவில்லை என்று சுட்டவனுக்கே தெரியாது. அவன் திரும்பவும் மருந்து போடுவான். இப்போது குழலுக்குள் இரண்டு. இன்னொரு முறை என்றால் மூன்று. அதற்குப் பிறகு வெடித்தால் குழல் பிளக்கும், அவன் முகமும் பக்கத்தவன் முகமும் போகும்.

பின்னால் நிற்கிறவன் மட்டும்தான் அதைக் காண முடியும். நான் பார்ப்பது தோளை. உண்மையாய் வெடித்தால் தோள் ஒரு அங்குலம் பின்னுக்கு வரும். வராவிட்டால் அது வெடிக்கவில்லை. எட்டுப் பேர், எட்டுத் தோள். பதின்மூன்று கோடையும் நான் எண்ணியது அதைத்தான்.

இனி அந்தச் சனிக்கிழமை.

காணி கொடுத்த குடும்பம் வந்திருந்தது. நகரசபை ஆட்கள், பித்தளை வாத்தியக் குழு, வெள்ளைக் கூடாரம், எல்லாம். நாலு வேட்டு என்று நிகழ்ச்சிநிரலில் அச்சடித்திருந்தது. வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள் நிர்மலா. அஜக்ஸில் இருக்கிறவள், நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்க்கிறவள். நாங்கள் இரண்டு பேரும்தான் அங்கே தமிழ். சட்டைக் கழுத்து இறுக்குகிறது என்று ஒவ்வொரு சனியும் புறுபுறுப்பாள், ஆனால் அவளைப்போல் நேராக நிற்க அந்த வரிசையில் ஆளில்லை.

முதல் வேட்டு. ஏழு தோள் அசைந்தது. மூன்றாவது அசையவில்லை. புகைக்குள் நான்தான் பிழையாகப் பார்த்தேனோ என்று நினைத்தேன். இரண்டாவது வேட்டு. இம்முறை மற்ற ஒருவரையும் பார்க்கவில்லை, மூன்றாவது தோளை மட்டும் பார்த்தேன். கிண்ணத்தில் தீ எரிந்தது. தோள் கல்லுப்போல் நின்றது. “மருந்து போடு” என்று ஹரல்ட் கட்டளை கொடுத்தார். அவள் தோட்டாவைக் கடித்தாள். என் கணக்கில் அது மூன்றாவது.

பட்டாளத்தில் சார்ஜன்ட் கப்டனின் கட்டளையை வெட்ட முடியாது. கப்டனிடம் போய்ச் சொல்ல வேண்டும், கப்டன் நிறுத்த வேண்டும், முரசு அடிக்க வேண்டும். நான் அவரிடம் ஓடிப்போக எட்டுப் பேரையும் சுற்ற வேண்டும். ஹரல்டின் வாள் உயர்ந்துவிட்டது. நான் ஈட்டியை அவளுடைய துவக்குக்குக் கீழே விட்டு மேலே தூக்கி, “நிறுத்து” என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. ஒருவரும் சுடவில்லை. வாத்தியக் குழுகூட நின்றுவிட்டது.

இனிச் செய்ய வேண்டியது ஒழுங்கு முறைப்படி. துவக்கின் வாய் வானத்தைப் பார்த்தபடி இருக்க, கிண்ணத்தைத் துடைத்து, மெல்லிய இரும்புக்கம்பியைக் குழலுக்குள் விட வேண்டும். உள்ளே மருந்து இருந்தால் சத்தம் அடைத்துக் கேட்கும். நான் விட்டேன். ‘டிங்’ என்றது, கோயில் மணிமாதிரி. திரும்ப விட்டேன். திரும்பவும் டிங். குழல் வெறுமை.

டெரிக் மைக்கில், “எங்கள் சார்ஜன்டுக்கு வெயில் அடித்துவிட்டது” என்றார். கூடாரம் முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நிர்மலாவின் இடது சப்பாத்துப் பக்கம், புல்லுக்குள், கறுப்புக் குறுணி. மூன்று தோட்டாவின் மருந்து. தோள் இடிக்குப் பயந்து மருந்தை நிலத்தில் கொட்டுகிறவர்கள் அந்தக் காலத்துப் பட்டாளத்திலும் இருந்தார்கள் என்று ஹரல்ட் முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். நான் என்னுடைய சப்பாத்தை அந்தக் குறுணியின் மேல் வைத்தேன். போத்தல் தண்ணீரை, குடிப்பதுபோல் எடுத்து, அதன்மேல் ஊற்றினேன்.

காட்சி முடிந்ததும் படைவீட்டின் பின்பக்கம் அவளைக் கூப்பிட்டேன்.

“எத்தினை நாளா?”

“ஜூன் தொடக்கத்திலையிருந்து, சேவியர் அண்ணை.” அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “பக்டரியிலை பெட்டி தூக்கித் தூக்கி இந்தத் தோள் ஒப்பரேசன் செய்தது. ஒவ்வொரு வெடிக்கும் உயிர் போய் வருது.”

“வாயைத் திறந்து சொல்லுறதுக்கென்ன?”

“சொன்னா டிக்கெட் பூத்துக்கு அனுப்பிப் போடுவினம். அங்கை பாதி நேர வேலைதான். என்ரை ஒருத்தியின்ரை உழைப்பிலைதான் வீடு ஓடுது.”

எனக்கு இரக்கம் வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. “மருந்தைப் புல்லிலை கொட்டிப்போட்டு அதுக்கு மேலை நிண்டு நெருப்புத் தட்டுறாய். ஒரு பொறி விழுந்தா உன்ரை காலும் போம், பக்கத்திலை நிக்கிறவன்ரை காலும் போம். உனக்கு மூளை இருக்கோ?”

அவள் அழவில்லை. “நீங்கள் போய்ச் சொல்லுங்கோ அண்ணை. நான் உங்களிலை கோவிக்கமாட்டன்” என்றாள்.

“நான் சொல்லமாட்டன். நீதான் சொல்லோணும். வாற சனிக்கு முந்திச் சொல்லு. அதுவரைக்கும் அந்தத் துவக்கிலை கை வைக்காதை.”

இதில் என் பிழையையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஹரல்டிடம் வேலை பழகினேன் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு மாதமாக அவள் என் மூக்குக்குக் கீழே மருந்தைக் கொட்டியிருக்கிறாள். அவள் தோளை நெருக்கி வைத்து அசைத்து நடித்திருக்கிறாள், அன்றைக்கு வலியில் அந்த நடிப்பும் முடியாமல் போயிருக்கிறது. நான் தோளையும் கையையும் பார்த்தேனே தவிரக் காலடியைப் பார்க்கவில்லை. சாவடியில் வளர்ந்த கண், கையைத்தான் பார்க்கும்.

திங்கட்கிழமை டெரிக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் தட்டச்சுச் செய்து கிடந்தது. காரணமின்றிக் கட்டளையில் தலையிட்டேன், அதற்கு வருந்துகிறேன், இனிமேல் கப்டனின் உத்தரவின்றிக் காட்சியை நிறுத்தமாட்டேன். கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

“வருந்துகிறேன் என்பதை வேண்டுமானால் எழுதித் தருகிறேன். மற்றதுக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன்” என்றேன்.

“குழல் வெறுமையாக இருந்தது, சேவியர். நீ பிழை.”

“வெறுமை என்று கம்பி விட்டபிறகுதான் தெரிந்தது. கம்பி விட வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும்.”

“கையெழுத்து வைக்காவிட்டால் நீ வரிசையில் இல்லை.”

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நான் நல்லவன். நிர்மலாவின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன். ஆனால் நான் அந்தக் கடிதத்தை மறுத்தது அவளுக்காக மட்டுமல்ல. அதில் கையெழுத்து வைத்தால், எனக்குப் பிறகு அந்த இடத்தில் நிற்கிறவர் எவரும் வாயைத் திறக்க முடியாது. கையில் ஈட்டி இருக்கும், வேலை இருக்காது. அப்படி நிற்பதற்கு ஒரு பொம்மையைக் கொண்டுவந்து நடலாம். இதையும் டெரிக்கிடம் சொன்னேன். அவர் கதவைக் காட்டினார்.

என்னை டிக்கெட் பூத்தில் போட்டார்கள். பின்வரிசையில் ஆளே தேவையில்லை என்று முடிவாயிற்று. ஹரல்ட் அதை எதிர்த்து எழுதிக் கொடுத்தாராம், எடுபடவில்லை.

அடுத்த சனி, பூத்தின் கண்ணாடி வழியே மைதானம் முழுக்கத் தெரிந்தது. எட்டுப் பேர் வெளியே வந்தார்கள். மூன்றாவது ஆள் நிர்மலா, தோளில் துவக்கோடு. சொல்லவில்லை, இவள் ஒரு மனிசரிடமும் சொல்லவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இன்றைக்கு ஏதும் நடந்தால் பாவம் இரண்டு பேரின் தலையிலும்தான். பூத்தைப் பூட்டாமலே வெளியே இறங்கினேன்.

“மருந்து போடு” என்றார் ஹரல்ட்.

ஏழு கை தோட்டாப் பைக்குப் போனது. நிர்மலா அசையவில்லை. துவக்கை நிலத்தில் கிடத்தி, நிமிர்ந்து நின்றாள். ஹரல்ட் கட்டளையைத் திரும்பச் சொன்னார். அவள் ஆங்கிலத்தில், கூட்டம் முழுக்கக் கேட்க, “பின்னால் ஆள் இல்லாமல் நான் மருந்து போடமாட்டேன்” என்றாள். டெரிக் மைக்கோடு ஓடிவந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். அவள் அந்த மைக்கைப் பார்த்தே சொன்னாள்.

“போன சனி குழல் வெறுமையாக இருந்ததுக்குக் காரணம் நான். மருந்தை நான் நிலத்தில் கொட்டினேன், ஒரு மாதமாய். அதைக் கண்டவர் சேவியர் ஒருவர்தான். கண்டும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என்னை அனுப்பவேண்டுமென்றால் அனுப்புங்கள்.”

பிறகு நாலாவது ஆள் குனிந்து துவக்கைக் கிடத்தினான். ஐந்தாவது. முதலாவது. ஒருவரை ஒருவர் பார்க்கவுமில்லை. எட்டுத் துவக்கும் புல்லில் கிடந்தன. ஹரல்ட் வாளை உறையில் போட்டுவிட்டு டெரிக்கிடம், “என்னிடம் இப்போது கொம்பனி இல்லை” என்று மெதுவாகச் சொன்னார்.

நான் கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். டிக்கெட் பூத்தின் நீலச் சட்டைதான் உடம்பில். கையில் ஈட்டியும் இல்லை. நிர்மலாவிடம் போய், “தங்கச்சி, நீ முரசுக்குப் போ. அதுக்கு வலது கை வேண்டாம், இடது கையாலை அடி” என்றேன். அவள் போனாள். அன்றிலிருந்து அந்தக் கொம்பனியின் முரசு அவள்தான், முழுநேர வேலை. அது ஹரல்ட் பிறகு சண்டை பிடித்து வாங்கிக் கொடுத்தது.

இடைவெளியை மூடச் சொன்னேன். ஏழு பேரும் நெருங்கித் துவக்கை எடுத்தார்கள். நான் மூன்று எட்டுப் பின்னால் போய் நின்றேன். இம்முறை முதலில் காலடிகளைப் பார்த்தேன்.

டெரிக் மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார். “நீ கையெழுத்து வைக்கவில்லை. இங்கே நிற்க உனக்கு அனுமதி தந்தது யார்?”

ஏழு முதுகுகளையும் கையால் காட்டினேன்.

“இவையளைக் கேளுங்கோ” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.